கற்பனை நாட்டுக்கு ஒரு கவச வண்டி: பிரிக்கில் கட்டுவதும் அதற்கு வரலாறு எழுதுவதும்

லெகோ பிரிக்கில் ராணுவ வண்டி கட்டுகிற பலர், வண்டியை முடித்துப் படமும் எடுத்த பிறகுதான் அதற்கு ஒரு கதை எழுத உட்காருகிறார்கள். "எதிரிகளை நடுங்க வைத்த தலைசிறந்த வண்டி" என்கிற மாதிரி நாலு வரி வருகிறது. படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கதையை முதலில் எழுதுங்கள், கட்டக் கட்டத் திருத்துங்கள். கதையில் சொல்லும் ஒவ்வொரு தகவலும் மாடலில் எங்காவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத வரியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம்.

நிஜ வண்டிகள் உருவானதும் இப்படித்தான். ஸ்வீடனின் ஸ்ட்ரிட்ஸ்வாகன் 103, 1967-ல் படையில் சேர்ந்தது. அதற்கு டரட்டே (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) கிடையாது. பீரங்கி உடலோடு பொருத்தப்பட்டது. வண்டியே திரும்பி, சஸ்பென்ஷனால் மூக்கை ஏற்றி இறக்கிக் குறி பார்க்கும். தாழ்வாகப் பதுங்கிச் சுட வேண்டும் என்ற தேவை அந்த உருவத்தில் அப்படியே தெரிகிறது. ஜெர்மனியின் டைகர் 1-க்குப் போர்க்களத்தில் 725 மி.மீ அகல டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை). அதோடு ரயில் வேகனில் ஏற்றினால் வெளியே துருத்தும் என்பதால் 520 மி.மீ டிராக்கை மாற்றிப் போட்டு அனுப்பினார்கள். இஸ்ரேலின் மெர்கவாவில் எஞ்சின் முன்னால், கதவு பின்னால். உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். இந்த மூன்றையும் கொஞ்ச நேரம் படத்தில் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் கை தானாகச் சரியான பக்கம் போகும்.

முதலில் ஒரு பக்கம்

உதாரணத்துக்கு ஒரு வண்டி. நாடு தால்வேரா, முழுக் கற்பனை. காலம் 1954. மலைக் கணவாய்களில் பாதி வருடம் பனி. பழைய பாலங்கள் 15 டன்னுக்கு மேல் தாங்காது. உளவு பார்க்க ஒரு சிறு கவச வண்டி தேவை. பெயர் "கீரி".

எழுதும்போது நாலு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்: எந்த நிலத்தில் ஓடும்? எது அதைக் கட்டுப்படுத்துகிறது? எதை விட்டுக்கொடுத்தார்கள்? பயன்படுத்திய பிறகு எதை மாற்றினார்கள்? நாலாவது கேள்வியைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஆனால் மாடலுக்கு உயிர் கொடுப்பது அதுதான். பின்னால் சேர்த்த பெட்டி, ஒட்டுப்போட்ட தகடு, இடம் மாறிய ஏரியல் எல்லாம் அந்தப் பதிலிலிருந்து வருபவை.

காலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு நேர்மையாக இருங்கள். 1954 வண்டியின் மேல் வெடிப்புக் கவசப் பெட்டிகளை (எதிரியின் குண்டு பட்டதும் வெடித்து அதன் தாக்கத்தைக் குறைப்பவை) அடுக்கக் கூடாது. அவை போரில் பரவலாகத் தெரிய வந்ததே 1982 லெபனான் போரில்தான். அகச்சிவப்பு விளக்கு என்றால் 1950-களுக்குப் பொருந்தும்.

அளவு

இங்கேதான் பாதி மாடல்கள் கெடுகின்றன. ஸ்டட் என்பது பிரிக்கின் மேலுள்ள குமிழ், பிளேட் என்பது பிரிக்கில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைப் பாகம். பிரிக்கின் அடிப்படைக் கணக்கு: ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ, பிரிக் உயரம் 9.6, பிளேட் உயரம் 3.2. லெகோவின் சிறு மனித பொம்மையான மினிஃபிகர் தொப்பி இல்லாமல் சுமார் 40 மி.மீ. உயரத்தை வைத்துப் பார்த்தால் அது 1:44 அளவு மனிதன். தோள் அகலத்தை வைத்துப் பார்த்தால் 1:30 பக்கம் வரும். நடுவில் 1:35 வைத்துக்கொள்வது நல்ல சமரசம். அப்போது 1 ஸ்டட் 28 செ.மீ, 1 பிளேட் 11.2 செ.மீ. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டி வையுங்கள்.

கீரி 18 ஸ்டட் நீளம், 10 ஸ்டட் அகலம், டரட்டோடு 17 பிளேட் உயரம். அதாவது சுமார் 5 மீட்டர், 2.8 மீட்டர், 1.9 மீட்டர். இந்த அளவுக்கு எடை எவ்வளவு வரும் என்பதை நிஜ வண்டிகளே சொல்கின்றன: அலுமினிய உடலுள்ள அமெரிக்க எம்113 சுமார் 12 டன், எஃகு உடலுள்ள பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13 சுமார் 15 டன். கீரிக்கு 14 டன் என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள், பாலமும் தாங்கும்.

சில சமயம் பிரிக்குதான் கதையை எழுதும். இந்த அளவில் 2 ஸ்டட் அகல டிராக்தான் உறுதியாக நிற்கிறது. அது நிஜத்தில் 56 செ.மீ, இவ்வளவு சிறிய வண்டிக்கு மிக அகலம். தரையைத் தொடும் நீளம் 12 ஸ்டட், அதாவது 3.36 மீட்டர். இரண்டு டிராக்கும் சேர்ந்து சுமார் 3.8 சதுர மீட்டர். 14 டன்னை அதன் மேல் பரப்பினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.37 கிலோ. கவச வண்டிக்குக் குறைவான எண் அது, பனியில் கைகொடுக்கும். கீரி பனி நாட்டு வண்டி ஆனதற்குக் காரணமே இந்த டிராக்தான்.

பீரங்கியும் அப்படியே. லெகோ கம்பியின் விட்டம் 3.2 மி.மீ. 1:35-ல் அது 11 செ.மீ. இயந்திரத் துப்பாக்கிக்கு ரொம்பத் தடிமன், உள்விட்டம் 57 மி.மீ உள்ள பீரங்கிக் குழாயின் வெளிவிட்டத்துக்குச் சரி. 8 ஸ்டட் நீளக் கம்பி 2.24 மீட்டர், அதை 57 மி.மீ-ஆல் வகுத்தால் 39. குழாய் நீளம் உள்விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் காலிபர் என்பார்கள். எனவே கதையில் "57 மி.மீ, 39 காலிபர் நீளம்" என்று எழுதலாம். ஸ்கேலை எடுத்து அளந்து பார்க்கிற வாசகருக்கும் கணக்கு ஒத்துவரும்.

உடல்

ஸ்டட் தெரியாத மழமழப்பான பக்கச் சுவர் வேண்டுமானால் பிளேட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்த வேண்டும். அதற்கு மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுதான்: 5 பிளேட் தடிமன் = 2 ஸ்டட் = 16 மி.மீ. ஆக ஒரு ஸ்டட்டுக்கு இரண்டரை பிளேட். அந்த அரை பிளேட் எங்கிருந்து வரும்? பிராக்கெட் எனும் L வடிவப் பாகத்திலிருந்து. அதன் தொங்கும் தகடு 1.6 மி.மீ. பிராக்கெட் 1.6, மேலே பிளேட் 3.2, அதன் மேல் ஸ்டட் இல்லாத தட்டையான டைல் 3.2: கூட்டினால் சரியாக 8.

கீரியின் நடு உடல் 6 ஸ்டட். இருபுறமும் இந்த அடுக்கு ஏறினால் மேல் உடல் 8 ஸ்டட் ஆகும். டிராக்கும் மட்கார்டும் 10 வரை போகும். ஒரு பக்கத்துக்குத் தேவையானவை: 1×2–1×4 பிராக்கெட் 4, 2×8 பிளேட் 2, 2×4 டைல் 4. இரண்டு பக்கத்துக்கும் இதை இரட்டிப்பாக்குங்கள். சுவர் 2 ஸ்டட் உயரம் என்பதால் அதே கணக்குப்படி உடலில் 5 பிளேட் உயரத்தை அடைக்கும். டிராக்கும் மட்கார்டும் 7 பிளேட்டில் முடிந்தால், சுவர் 7-ல் தொடங்கிக் கூரையோடு 12-ல் சமமாக முடியும். எங்காவது 6 பிளேட் உயரம் வைத்துவிட்டால் கூரையோரம் 3.2 மி.மீ பள்ளம் விழும், எந்த டைலாலும் மறைக்க முடியாது.

பிராக்கெட்டுக்குப் பதில் ஹெட்லைட் பிரிக்கை (பக்கவாட்டு ஸ்டட் உள்வாங்கி இருக்கும் சிறு பிரிக்) போட்டால் அதன் முகம் அரை பிளேட் உள்ளே இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டட் உள்ள சாதாரண பிரிக்கின் முகம் விளிம்போடு சமமாக இருக்கும். ஒரே சுவரில் இரண்டையும் கலந்தால் பேனல் சாய்ந்து, ஒரு மூலையில் பிடிக்காமல் நிற்கும். "ஏன் இந்தப் பக்கம் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது?" என்ற கேள்விக்கு அநேகமாக இதுதான் பதில்.

முன் சரிவை கிளிப்–கம்பி பிளேட்டில் (ஒன்றின் கிளிப் இன்னொன்றின் கம்பியைக் கவ்வும் கீல்) தொங்கவிடுங்கள். 6 ஸ்டட் அகலத்துக்கு இரண்டு கிளிப் போதாது, மூன்று வையுங்கள். சரிவின் கீழ் விளிம்பு எதன் மேலாவது சாய்ந்து நிற்க வேண்டும். கிளிப்பின் பிடிப்பை மட்டும் நம்பினால் சில வாரத்தில் தொங்கிவிடும். பக்கங்களில் தெரியும் முக்கோண இடைவெளியைச் சீஸ் ஸ்லோப் எனும் சின்னச் சரிவுப் பாகங்களால் அடைக்கலாம். முழுதாக அடையாது. மீதியை இழுவைக் கயிறு, மண்வெட்டி மாதிரி ஏதாவது கொண்டு மறையுங்கள். நிஜ வண்டியிலும் அவை அங்கேதான் தொங்கும்.

டிராக்கை ஓட வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நிலையான டிராக் பார்வைக்கு இன்னும் நன்றாக இருக்கும். முன்னும் பின்னும் 2×4 பிளேட்டைச் சாய்த்து, குறுக்காக 1×2 கிரில் டைல் (மேலே வரிவரியாகப் பள்ளம் உள்ள டைல்) நாலு நாலு. நாலு மூலைக்கும் 16, மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் இடங்களுக்கு 8, ஆக 24 போதும். அடிப்பாகத்துக்கு வெறும் பிளேட். சக்கரங்களைத் தரையில் முட்டவிடாமல் அரை பிளேட் தூக்கி வையுங்கள். எல்லாச் சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்று கட்டினால் ஏதாவது ஒன்று மட்டும் முட்டி வண்டி ஆடும்.

டரட்டுக்கு 4×4 சுழல்தட்டு. 2×2 தட்டு சுழலத்தான் செய்யும், ஆனால் டரட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கும் கை ஒன்று எப்படியும் வரும். அப்போது மேல்பாதி கழன்றுவிடும்.

உள்ளே ஆள் உட்கார வேண்டுமானால் உயரத்தை முன்பே கணக்கிடுங்கள். உட்கார்ந்த மினிஃபிகருக்குச் சுமார் 9 பிளேட் வேண்டும். கீரியில் தரை இடைவெளி 3, தளம் 1, கூரை 1 போக உள்ளே 7-தான் மிஞ்சுகிறது. ஓட்டுநரின் தலை, கூரை மூடியின் திறப்பு வழியே வெளியே தெரியும். அதையே கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பனியில் கண்ணாடி உறைந்துவிடுவதால் ஓட்டுநர்கள் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டினார்கள். டரட்டில் இருப்பவருக்கு மடங்காத குட்டைக் கால் போட்டால் இடம் கிடைக்கும்.

நிறம், பாகம், வாங்குவது

நிறத்தை மனசுக்குப் பிடித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிராக்கெட், சீஸ் ஸ்லோப், 1×2 டைல், கிளிப் பிளேட், வெட்ஜ் பிளேட் (ஓரம் சரிவாக வெட்டிய பிளேட்) ஆகிய ஐந்தும் அந்த நிறத்தில் வந்திருக்கின்றனவா என்று, லெகோ பாகங்களை விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் பட்டியலில் பாருங்கள். ஒன்று இல்லை என்றாலும் நிறத்தை மாற்றுவதே மேல். அடர் நீலச்சாம்பலில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். பழைய பாகம் வாங்கும்போது கவனம்: லெகோ 2004 வாக்கில் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய சாம்பலும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் பளிச்சென்று தெரியும். செம்பழுப்பு நிறத்தில் சில ஆண்டுகளில் வந்த பாகங்கள் எளிதில் விரிசல் விடும். அழுத்தம் வரும் கிளிப்புகளுக்கு அந்த நிறம் வேண்டாம்.

கீரிக்கு அடிநிறம் அடர் நீலச்சாம்பல், மேலே பனிக்காலத்துக்குப் பூசிய வெள்ளை. வெள்ளை டைல்களைக் கண்டபடி தூவக் கூடாது. ஆட்கள் ஏறும் மட்கார்டு ஓரம், மூடியைச் சுற்றிய இடம், எஞ்சின் கிரில் பக்கம் ஆகியவற்றில் பூச்சு தேய்ந்து சாம்பல் தெரியட்டும். யாரும் கை வைக்காத தட்டைச் சுவரில் வெள்ளை நிறைந்திருக்கட்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை. இந்த ஒரே வேலையில் வண்டி பயன்பட்ட வண்டியாகத் தெரியத் தொடங்கும்.

முதலில் கணினியில் கட்டிப் பாருங்கள். பிரிக்லிங்கின் ஸ்டுடியோ இலவசம். ஒரு பாகம் அந்த நிறத்தில் உண்டா என்று காட்டும், வாங்கும் பட்டியலையும் கட்டும் படிகளையும் அதிலேயே எடுக்கலாம். ஆனால் திரையில் எதுவும் தொங்காது, வளையாது. முன் சரிவையும் டரட்டையும் கையில் இருக்கிற ஏதாவது நிறத்தில் கட்டி ஒருநாள் நிற்க வைத்த பிறகே ஆர்டர் போடுங்கள். உள் சட்டத்துக்கு எந்த நிறமும் ஆகும். கடைகளின் எண்ணிக்கையை இரண்டு மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாகத்தைவிடத் தபால் செலவு கூடும். சின்ன டைல், கிளிப் எல்லாம் பத்துக்கு ஒன்று கூடுதலாக.

வரலாற்றுக் குறிப்பு எழுதும் விதம்

அருங்காட்சியகத்தில் வண்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையின் தொனி போதும். 150 சொல்லுக்குள். கீரிக்கு இப்படி:

"கீரி, தால்வேரா மலைப்படை, 1954. எடை 14 டன், மூன்று பேர். மேற்குக் கணவாய்ப் பாலங்களின் 15 டன் வரம்புக்காகக் கவசம் குறைக்கப்பட்டது. முதல் பனிக்காலத்தில் பின்பக்கக் காற்றுத்துளையில் பனி அடைத்து எஞ்சின்கள் நின்றன. 1955 முதல் அதன் மேல் தகரக் கூண்டு பொருத்தப்பட்டது. இந்த வண்டியில் இருப்பது படைப் பட்டறையிலேயே செய்த கூண்டு."

கூண்டு மாடலில் இருக்கிறது: நாலு கிரில் டைல், இரண்டு கிளிப், சற்றே கோணலாக. கோணல் ஏன் என்பதற்குக் கடைசி வரி பதில். "அழிக்க முடியாத", "உலகிலேயே" போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். வண்டியின் குறையைச் சொல்லும் வரியே வாசகரை நம்ப வைக்கும்.

நிஜமாக நடந்துகொண்டிருக்கும் போரின் தரப்புகளைக் கற்பனை வண்டிக்குள் இழுக்காதீர்கள். யாரோ ஒருவருடைய இழப்பு அது. நாஜிச் சின்னங்களைத் தவிருங்கள். ஜெர்மனியில் அவற்றைப் பொதுவில் காட்டுவது குற்றம். லெகோ நிறுவனம் நவீன ராணுவ செட்டுகளை வெளியிடுவதில்லை. 2020-ல் ராணுவ விமானமான வி-22 ஆஸ்ப்ரேயின் செட்டைக் கடைக்கு வரும் நேரத்தில் கைவிட்டது. ரசிகர்களின் மாடல்களை செட்டாக்கப் பரிசீலிக்கும் லெகோ ஐடியாஸும் நவீனப் போர் வண்டிகளை ஏற்காது, அங்கே அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படமும் பகிர்வும்

படத்துக்கு மங்கலான சாம்பல் அல்லது வெளிர் நீல அட்டை. சுவரிலிருந்து மேஜைக்கு மடிப்பில்லாமல் வளைந்து இறங்கட்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதம். போனை ஓரடிக்குள் கொண்டுபோனால் முன்பகுதி ஊதித் தெரியும். மூன்றடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். லென்ஸ் மினிஃபிகரின் கண் உயரத்தில் இருக்கட்டும். டைல்களில் கைரேகை அப்பட்டமாகத் தெரியும், மென்துணியால் துடைத்துவிட்டு இடுக்குகளுக்கு மேக்கப் பிரஷ்.

ஐந்து படம் போதும்: முன் முக்கால் பக்கம், பின் முக்கால் பக்கம், நேர் பக்கவாட்டு, மூடிகள் திறந்த மேல்தோற்றம், கதையில் சொன்ன கூண்டின் நெருக்கக் காட்சி. முதல் படத்தில் ஒரு மினிஃபிகர் நிற்க வேண்டும். அளவு அப்போதுதான் புரியும்.

பகிரும்போது அளவு விகிதம், ஸ்டட்டில் நீள அகலம், பாகங்களின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். பிரிக்ஆர்ம்ஸ் மாதிரி வேறு நிறுவனத்தின் துப்பாக்கியோ, அச்சடித்த ஸ்டிக்கரோ, வெட்டிய பாகமோ இருந்தால் சொல்லிவிடுங்கள். முன் சரிவின் உத்தியை வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தால் அவர் பெயரைக் கதைக்குக் கீழே போடுங்கள். கதை கற்பனை என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்குங்கள்; நல்ல மாடலுக்கு எழுதிய நல்ல குறிப்பு, தனியாகப் பரவும்போது நிஜ வரலாறு என்று நம்பப்படும்.