பைக் குழுவில் வாய் திறக்காதவர்களுக்கு: டர்பனில் முதல் ஞாயிறு ரைடு, படிப்படியாக

எல்லா பைக் குழுவிலும் இப்படிச் சிலர் உண்டு. சேர்ந்து வருடக்கணக்காகியிருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை ஒன்று விடாமல் பார்ப்பார்கள். ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வரவும் மாட்டார்கள். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து தங்கிய நம் ஆட்களிடம் இது கொஞ்சம் அதிகம். 'ஹவ்ஸிட்' (எப்படி இருக்கீங்க), 'லெக்கர்' (அருமை) என்று ஓடும் உள்ளூர்ப் பேச்சில் எங்கே நுழைவது என்ற தயக்கம் ஒரு பக்கம், நம்முடையது சின்ன பைக் என்ற கூச்சம் இன்னொரு பக்கம்.

நான் பெரும்பாலும் வரிசையின் கடைசியில், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு ஓட்டுபவன். அங்கிருந்து பார்த்தால் பேசுகிறவர், பேசாதவர் என்ற வித்தியாசமே தெரியாது. எங்கே இருக்கிறார் என்று தெரியாதவர்தான் தலைவலி. அதனால் நீங்கள் பேச்சாளராக மாற வேண்டியதில்லை. சரியான சில இடங்களில் ஒரு வரி சொன்னால் போதும்.

படி 1: முதலில் வண்டி

பேசாமல் இருப்பவரின் பைக்கும் பெரும்பாலும் நின்றே கிடக்கும். பேட்டரி சார்ஜ் இருக்கிறதா, செயினில் எண்ணெய் இருக்கிறதா, முன் பின் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே அளக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளம் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரச் சாலையில் வழுக்கும். வண்டியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் (வண்டிக்கான உரிமச் சீட்டு) காலாவதி ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் உரிமத்தில் ஏ1 என்றிருந்தால் 125 சிசி வரைதான். அதற்கு மேலே ஓட்ட ஏ வேண்டும். பைக்கின் முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது இங்கே சட்டம்.

படி 2: முதல் செய்தி

இத்தனை நாள் பேசாததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதாதீர்கள். யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. ரைடை நடத்துபவருக்கு வேண்டியது நாலே தகவல்: எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வண்டி, எவ்வளவு பழக்கம், எந்த ரைடு. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஃபீனிக்ஸிலிருந்து வருகிறேன். வண்டி 250 சிசி. ஊருக்குள் ஓட்டிப் பழக்கம், கூட்டமாக ஓட்டியதில்லை. ஞாயிறு ரைடுக்கு வரலாமா?"

இதையே உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். 1860 முதல் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். உங்கள் ஆங்கிலத்தை யாரும் திருத்தப் போவதில்லை. வயதில் மூத்தவரை அங்கிள் என்று கூப்பிடுங்கள், போதும்.

பழக்கத்தைப் பற்றி மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம். 'நன்றாக ஓட்டுவேன்' என்று எழுதினால் உங்களை வரிசையின் நடுவில் விட்டுவிடுவார்கள். 'புதுசு' என்றால் முதலில் ஓட்டிப்போகும் தலைவருக்கு நேர் அடுத்த இடம் கிடைக்கும். அதுதான் வரிசையிலேயே சுகமான இடம். கடைசியில் போனால் முன்னால் உண்டாகும் ஒவ்வொரு இடைவெளியையும் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

படி 3: எந்த ரைடு?

ஞாயிறு காலை கிளம்பி, எங்காவது சாப்பிட்டு, மதியத்துக்குள் திரும்பும் 'பிரேக்ஃபாஸ்ட் ரன்' ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஹில்கிரெஸ்ட்டிலிருந்து போதாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா என்று போகும் பழைய சாலை ஆர்103 ஆரம்பத்துக்கு நல்லது. ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கு பக்கத்திலேயே விரிந்து கிடக்கும், வேகமும் அதிகம் தேவைப்படாது. ஆனால் காம்ரேட்ஸ் மாரத்தானும் இதே வழியாகத்தான் ஓடுகிறது. வழக்கமாக ஜூன் மாதம் நடக்கும் அந்த ஞாயிறு இந்தப் பக்கம் போகாதீர்கள். என்3 நெடுஞ்சாலையில் போனால் மரியன்ஹில் சுங்கச்சாவடியில் பைக்குக்கும் காருக்கான கட்டணம்தான். டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில், ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, லாரியிலிருந்து சிதறிய கரும்பு சாலையில் கிடக்கும். வளைவில் அதன்மேல் ஏறினால் வண்டி சறுக்கும்.

யாராவது சானி பாஸ் மலைப்பாதைக்குப் போகலாம் என்றால் இப்போதைக்குப் படம் பார்த்து ரசியுங்கள். லெசோத்தோ எல்லை, 2,800 மீட்டருக்கு மேல் உச்சி, பாஸ்போர்ட், கற்கள். முதல் ரைடுக்கான இடமல்ல.

படி 4: கிளம்புமுன்

டாங்கை நிரப்பிக்கொண்டுதான் கூடும் இடத்துக்கு வர வேண்டும். இங்கே பங்க்கில் பெட்ரோல் போட ஆள் இருப்பார். சில ரேண்ட் டிப் கொடுப்பது வழக்கம். சின்ன டாங்க் உள்ளவர் 'எனக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும்' என்று தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ரத்த வகை, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) எண், வீட்டு ஆளின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி ஜாக்கெட் பையில் வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் காகிதத்தைப் படிக்க முடியும். செல்போனிலிருந்து அவசர அழைப்புக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

அப்புறம் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றுதான் வரும். 8 மணியைத் தட்டுங்கள். குழுவுக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தால் மனைவிக்கோ தம்பிக்கோ அனுப்பினாலும் சரி. பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் இதை மட்டுமே நம்பக்கூடாது.

படி 5: சாலையில்

இங்கே இரண்டு பைக் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது. அது சட்டம். அதனால் நேரான சாலையில் மாற்றி மாற்றி ஓடுவார்கள்: நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் தலைவர் தடத்தின் வலப்புறம், அடுத்தவர் இடப்புறம், மூன்றாமவர் மறுபடி வலப்புறம். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவரிடமிருந்து குறைந்தது 2 விநாடி தூரம் விடுங்கள். அவர் ஒரு பலகையைத் தாண்டும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் தாண்டும்வரை எண்ணினால் தெரிந்துவிடும். வளைவு வந்தால் இந்த அமைப்பைக் கலைத்துவிட்டு ஒற்றை வரிசை. வளைவில் ஒவ்வொருவருக்கும் தடத்தின் முழு அகலமும் வேண்டும்.

முந்துவது ஒருவர் பின் ஒருவராக. முன்னால் போனவர் முந்திவிட்டார் என்பதற்காக நீங்களும் போகாதீர்கள், உங்களுக்கு எதிரே என்ன வருகிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே. ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) சிவப்பு விழுந்தால் நில்லுங்கள். கூட்டம் போய்விட்டதே என்று சிவப்பில் பாய்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவசரமே இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்னால் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது முறை. பின்னால் ஆளைக் காணவில்லையா, வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தக் குறைப்பு ஒருவர் ஒருவராகத் தலைவர்வரை போய்ச் சேரும். சில குழுக்களில் சந்திப்பு வந்ததும் இரண்டாவதாகப் போகிறவர் பாதுகாப்பான இடத்தில் நின்று வழி காட்டுவார், கடைசி ஆள் வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். இரண்டாவது இடம் உங்களுடையது என்றால் இந்த வேலை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கைச் சைகைகளையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். டாங்கைத் தட்டினால் பெட்ரோல் வேண்டும் என்று பொருள்.

வழி தவறிவிட்டால் ஆளில்லாத சாலையோரத்தில் நின்று போனை எடுக்காதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்வரை ஓட்டிப்போய், அங்கிருந்து லொகேஷன் அனுப்புங்கள்.

பாதியில் திரும்ப நினைத்தால் தாராளமாகத் திரும்பலாம். சொல்லாமல் மட்டும் திரும்பாதீர்கள். கூச்ச சுபாவக்காரர்கள் இதைத்தான் செய்வார்கள்: யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து ஓர் எக்ஸிட்டில் நழுவிவிடுவார்கள். வீட்டில் அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார், பின்னால் வந்த நாங்கள் அவரைத் தேடி வந்த வழியே திரும்பிப் போய், ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். நிறுத்தும் இடத்தில் கடைசி ஆளிடம் 'நான் கிளம்புகிறேன்' என்றால் முடிந்தது.

படி 6: சாப்பிடும் இடம்

இங்கே பேச விருப்பமில்லையென்றால் பேச வேண்டாம். பைக்காரர்கள் கூடினால் நாலு பேர் நிறுத்தாமல் பேசுவார்கள், கேட்க ஆள் கிடைத்தால் சந்தோஷம்தான். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் பக்கத்து வண்டியின் டயரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

படி 7: வீடு சேர்ந்ததும்

ஹெல்மெட்டைக் கழற்றியதும் குழுவில் 'வீடு வந்துவிட்டேன்' என்று போடுங்கள், அல்லது ஒரு கட்டைவிரல். கடைசி ஆள் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிடுவார். குளித்துவிட்டுப் போடலாம் என்று தள்ளினால் குளியலறையில் இருக்கும்போது போன் அடிக்கும்.

அடுத்த ஞாயிறு வர முடியாதென்றால் 'இந்த வாரம் இல்லை' என்று ஒரு வரி. காரணம் எழுதத் தேவையில்லை.