அப்பாவை விருந்தாளியாக்கும் கோடைப் பயணம்: மதுரையிலிருந்து இராமேசுவரம் தீவுக்கு

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு இராமேசுவரம் சென்றுவந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், பல வீடுகளில் அப்பா ஓரிரு படங்களில்கூட இருக்க மாட்டார். படம் பிடித்தவரும், டிக்கெட் வரிசையில் நின்றவரும், பிள்ளைகள் கடலில் ஆட்டம் போடும்போது "நீங்க போய்க் குளிங்க, பைய நான் பாத்துக்கறேன்" என்று கரையில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. அப்படிப்பட்ட அப்பாவைக் கொண்டாட நினைக்கும் பிள்ளைகள், அவர் நம்மை அழைத்துச் சென்ற அதே தீவுக்கு அவரை அழைத்துச் சென்று, அவர் சுமந்த வேலைகள் ஒவ்வொன்றையும் தாங்கள் ஏற்றுக்கொள்வதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாலை, கேக், மேடை எல்லாம் பல அப்பாக்களுக்குக் கூச்சத்தையே தரும். கையில் பையில்லாமல் கடலோரம் நடக்கும் இரண்டு நாட்கள் அவருக்கு மெய்யாகவே கிடைக்க வேண்டும் என்றால், அதற்கான ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதையே இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை அவரைச் சம்மதிக்க வைப்பது. "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், நீங்க போயிட்டு வாங்க" என்பார், கடை வைத்திருப்பவராக இருந்தால் "கடைய யார் பாக்கறது?" என்பார். இவற்றுக்கு வாதத்தால் பதில் சொல்லாமல் ஏற்பாட்டால் பதில் சொல்லுங்கள். சித்தப்பாவிடமோ மாமாவிடமோ முன்கூட்டியே பேசி, இரண்டு நாள் கல்லாவில் உட்கார அவர் ஒப்புக்கொண்ட பிறகே அப்பாவிடம் பேச்சைத் தொடங்க வேண்டும். அறை, வண்டி, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்கும் முன்பே பணம் கட்டிவிடுங்கள். அவர் கண் முன்னே பணத்தை எண்ணிக் கொடுத்தால், பயணம் முழுதும் "எவ்வளவு ஆச்சு?" என்ற கணக்கிலேயே அவர் மனம் நிற்கும். அம்மாவை இந்தத் திட்டத்தில் முதல் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா முன்பு போக ஆசைப்பட்டு, பிள்ளைகளுக்கு நேரமாகிறது என்று விட்டுக்கொடுத்த இடங்கள் எவை என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

தந்தையர் தினம் ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்குள் பள்ளிகள் திறந்துவிடும் என்பதால், பேரப்பிள்ளைகளும் உடன் வர வேண்டுமானால் பயணத்தை மே மாதத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு புறப்பட்டால் வீட்டில் யாருக்கும் மனக்குறை இருக்காது. சனி, ஞாயிறுகளையும் அமாவாசையையும் தவிர்த்துவிடுங்கள். அமாவாசையன்று தீர்த்தமாட வரும் கூட்டத்தில் வயதானவரை அழைத்துக்கொண்டு நடப்பது கடினம். ஆனால் தாத்தாவுக்கு அங்கே தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் எண்ணமாக இருந்தால், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு அந்த நாளிலேயே செல்லுங்கள். இது அவருடைய பயணம்.

மதுரையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாகச் செல்ல வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்துகள் உண்டு. சொந்த வண்டியிலும் போகலாம். இருந்தாலும், போகும்போதாவது ரயிலில் போங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றுபோனது. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தீவுக்கு ரயிலே இல்லாமல் இருந்து, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆகவே உங்கள் அப்பா பலமுறை இராமேசுவரம் போனவராக இருந்தாலும், இந்தப் பாலத்தை அவர் கண்டிருக்க வாய்ப்பு குறைவு. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி, கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே உயரும். பழைய பாலத்தில் அந்தப் பகுதி இரண்டு கைகள் விரிவதுபோல் இருபுறமும் பிரிந்து திறந்தது. இந்த வேறுபாட்டைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கும் வேலையை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். மண்டபம் ரயில் நிலையம் தாண்டியதும் தரை மறைந்து இரு பக்கமும் நீர் மட்டுமே தெரியத் தொடங்கும்; அந்தச் சில நிமிடங்களுக்கு ஜன்னலோர இருக்கை அவருக்கு உரியது என்பதைக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் வழக்கம்போல் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். முன்பதிவு செய்யும் ரயில்களுக்கு 60 நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கலாம். முன்பதிவில்லாத பயணிகள் ரயிலில் போவதானால், மதுரைச் சந்திப்பில் ஒருவர் முன்னே சென்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் இம்முறை நீங்கள்.

வழிச்சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் போதும். மே மாத வெயிலில் தயிர்ச் சாதத்தை மதியம் தாண்டி வைத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவர் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை உங்கள் பையிலும் மற்றொன்றை அம்மாவின் பையிலும் வையுங்கள்.

அறையை இராமநாதசுவாமி கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்துக்கு அருகில், தரைத்தளத்திலோ மின்தூக்கி உள்ள விடுதியிலோ எடுங்கள். கிழக்கு வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே அக்னி தீர்த்தக் கடல் வந்துவிடும். ஈரத் துணியோடு வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்காது. முழங்கால் வலி உள்ளவருக்கு மேற்கத்தியக் கழிப்பறை இருக்கிறதா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

கோயிலுக்கு ஒரு காலைப்பொழுதை முழுமையாக ஒதுக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணியளவில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்தை முடித்து, அக்னி தீர்த்தத்தில் நீராடி, பிறகு உள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களுக்குச் செல்வது பலரும் பின்பற்றும் முறை. இங்கே சற்றுக் கவனம் தேவை. கிணற்றுச் சுவரில் ஏறி நிற்பவர் கயிறு கட்டிய வாளியை இறக்கி, நீரை மொண்டு தலையில் ஊற்றுவார். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் கல்தரை முழுதும் ஈரம் சொட்டி வழுக்கும். எனவே அப்பாவுக்கு முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக நடந்து, வாளி நீர் முகத்தில் விழுமுன் அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம், பணப்பை ஆகியவற்றை அறையிலேயே விட்டுவரச் சொல்லலாம். கைபேசிக்குக் கோயிலுக்குள் அனுமதி இல்லை என்பதால் அதையும் சேர்த்தே வைத்துவிடலாம். 22 தீர்த்தங்களும் ஆடி முடிக்க நேரம் பிடிக்கும். வெறும் வயிற்றோடு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு இது சோதனை. ஆகையால் அதிகாலையில் அவருக்கு ஏதேனும் சிற்றுண்டி கொடுத்து, உடல் ஒத்துழைக்காவிட்டால் அக்னி தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ள அவரைச் சம்மதிக்க வையுங்கள். உலர்ந்த வேட்டி மாற்றிய பின் மூலவர் தரிசனம். அது முடிந்ததும் மூன்றாம் பிராகாரத்தில் அவரை அவசரப்படுத்தாமல் நடக்க விடுங்கள். இரு பக்கமும் தூண்கள் நெடுந்தூரம் ஓடி ஒரு புள்ளியில் சேரும் அந்த நிழலில், வெளியே வெயில் எரிந்தாலும், கல் குளிர்ச்சியாகவே இருக்கும்.

தனுஷ்கோடிக்கு மறுநாள் விடிந்தவுடன் கிளம்புங்கள். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் அங்கே நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. ஆட்டோ பேசும்போது தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை போய், காத்திருந்து, திரும்பி வருவதற்குமாகச் சேர்த்துக் கூலியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், பிற்பகலில் போகும் திட்டம் பெரும்பாலும் அரைகுறையாகவே முடியும்.

இந்த இடத்தில் அப்பாவுக்கு நேரம் கொடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரும், பாம்பனிலிருந்து அங்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலுக்கு இரையாயின. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் இன்றும் மணலில் நிற்கின்றன. எழுபதைத் தொட்டவர்களுக்கு அது சிறுவயதில் வீட்டுப் பெரியவர்கள் அழுது பேசிக் கேட்ட செய்தி. அதேபோல், 2017-ல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும்வரை, முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்து, அதற்கப்பால் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கும் வேன்களில்தான் போக வேண்டியிருந்தது. அந்த வேனில் உங்களை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த கதை அவரிடம் கட்டாயம் இருக்கும். கேளுங்கள், கைபேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முனையில் ஒரு பக்கம் வங்கக்கடலும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவும் சேர்கின்றன. நீரோட்டம் வலுவானது, அங்கே குளிக்க இறங்கவே கூடாது. குழந்தைகளின் கையை நீங்கள் பிடித்துக்கொண்டால்தான் அப்பா கடலைப் பார்ப்பார். இல்லையேல் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பும் வழியில், புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலில் சற்று நேரம் உட்காரலாம்.

கடலில் அவரை இறக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற இடம் தீவுக்கு வெளியே, உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் அலையடங்கி இருக்கும். சவுக்கு மர நிழலும் உண்டு. வண்டியில் திரும்புபவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே இறங்கலாம். பைகளுக்குக் காவலாக மகனோ மருமகனோ உட்கார்ந்துகொள்ள, முழங்கால் அளவு நீரில் அப்பாவும் பேரப்பிள்ளைகளும் நிற்கட்டும்.

நேரம் இருந்தால் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்தையும், பள்ளிவாசல் தெருவில் அவருடைய வீட்டையும் பார்க்கலாம். கலாமின் தந்தை ஜைனுலாபுதீன் யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்று பிழைத்தவர் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்ல அந்த வீட்டு வாசல் நல்ல இடம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஒன்றை முன்பே அறிந்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே புதிதாகக் கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். கரையில் அன்று வந்த மீன் எது என்று விசாரித்து, அதையே சமைத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய மீன்தான் வேண்டும் என்று கேட்டால் பனிக்கட்டியில் பல நாள் கிடந்தது வந்து சேரலாம். மீனுக்கு உள்ள குறையை நுங்கும் பதநீரும் ஓரளவு தீர்க்கும். இராமநாதபுரத்துப் பனங்காடுகளில் கோடைதான் அவற்றுக்குப் பருவம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினால் கண்ணெதிரே சீவித் தருவார்கள்.

படம் பிடிப்பதற்கு ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அப்பாவை நிற்க வைத்து எடுப்பதைவிட, அவர் நுங்கு தின்னும்போதும், பாலத்தில் ஜன்னலோரம் எட்டிப் பார்க்கும்போதும், அம்மாவோடு பேசிக்கொண்டே கடலோரம் நடக்கும்போதும் எடுப்பதே நன்றாக அமையும். ஊர் திரும்பியதும் முப்பது படங்களைத் தேர்ந்து ஆல்பமாக அச்சிடக் கொடுத்துவிடுங்கள். தந்தையர் தினத்துக்கு முந்தைய நாட்களில் ஸ்டுடியோக்களில் வேலை குவியும், ஆகவே ஜூன் முதல் வாரத்துக்குள் கொடுத்தால் நல்லது. அந்த மூன்றாவது ஞாயிறு எந்த ஆண்டிலும் 15-ஆம் தேதிக்கு முன் வராது. அதற்குள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குச் சென்றிருக்கும். மதுரைச் சந்தைக்கு மீன் வரத்து கூடிவிட்டால், மே மாதத்தில் கிடைக்காமல் போன வஞ்சிரத்தை அன்று வாங்கி வந்து, ஆல்பத்தைக் கொடுத்த கையோடு அவருக்குக் குழம்பும் வறுவலுமாகப் பரிமாறலாம்.