மேலாண்மைக் கோட்பாடுகளை ஒப்பிடும் முறை: மண்டபத்து மீன் கூடம் ஒன்றை முன்வைத்து

இராமநாதபுரம் மாவட்டத்தில் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் எழுதும் திட்ட அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். மேலாண்மைக் கோட்பாடுகளை ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலோர் ஓர் அட்டவணை போட்டு, அறிஞர் பெயர், ஆண்டு, நன்மை, குறை என்று நிரப்பி முடித்துவிடுகிறார்கள். தராசில் இரண்டு தட்டிலும் ஒரே வகைப் பொருள் இருந்தால்தான் எடை தெரியும். அதுபோல எல்லாக் கோட்பாடுகளுக்கும் ஒரே சிக்கலைக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டால்தான் ஒப்பீடு தொடங்கும். அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிக்கலைத் தேர்ந்தெடுங்கள். அது கண்ணால் பார்க்கக்கூடியதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மண்டபம் என்ற ஊரின் பக்கத்து மீன் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக் விரிகுடாவில் வாரத்துக்கு 3 நாள் விசைப்படகுகளுக்கும் மற்ற 4 நாள் நாட்டுப்படகுகளுக்கும் என்ற பகிர்வு நெடுநாளாக வழக்கில் உள்ளது. அதனால் விசைப்படகுகள் கரை திரும்பும் காலைகளில் இறாலும் கணவாயும் நண்டும் ஒரே நேரத்தில் கூடத்துக்கு வந்து குவிகின்றன. இருபது பெண்கள் தரம் பிரித்து ஐஸ் பெட்டியில் அடுக்குகிறார்கள். கடைசிக் கூடைக்கு ஐஸ் விழுவதற்குள் சரக்கு இளகி விலை இறங்கிவிடுகிறது. படகிலிருந்து இறக்கிய நேரத்துக்கும் ஐஸ் போட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று ஒரு வாரம் நீங்களே கூடத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் எல்லா வாதத்துக்கும் இந்த எண்ணே அளவுகோல்.

அடுத்து, ஒவ்வொரு கோட்பாடும் பிறந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். வேலையை அளந்து, அதைச் செய்யும் சிறந்த முறையை வகுப்பதான டெய்லரின் அறிவியல் முறை மேலாண்மை அமெரிக்காவின் மிட்வேல் இரும்பாலையில் தொடங்கிப் பெத்லகேம் இரும்பாலையில் வளர்ந்தது. பெத்லகேமில் நாளொன்றுக்கு ஒருவர் 12½ டன் இரும்புப் பாளம் ஏற்றிவந்த இடத்தில் 47½ டன் ஏற்ற வைத்ததாக அவர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் சொன்ன விதத்திலேயே அது நடந்ததா என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புப் பாளம் இன்றும் நாளையும் ஒரே எடைதான். மீன் கூடை அப்படியல்ல. ஆனாலும் டெய்லரின் கண்ணோடு கூடத்தைப் பார்த்தால் சில உண்மைகள் உடனே தெரியும். ஐஸ் இருக்கும் மூலைக்கும் தரம் பிரிக்கும் மேசைக்கும் எத்தனை அடி, குனிந்து நிமிர்வதில் எவ்வளவு நேரம் போகிறது, காலிப் பெட்டிக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பவற்றை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் வேறொரு கோட்பாடு இல்லை. அவருடைய குறை வேறிடத்தில் இருக்கிறது. சிந்திக்கும் வேலையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துத் திட்டமிடுவோரிடம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். செவுளின் நிறத்தையும் சதையின் இறுக்கத்தையும் விரல் பட்டவுடன் அறிகிற பெண்ணிடமிருந்து அந்த அறிவை எடுத்து எந்த அலுவலக அறையில் வைப்பது?

ஃபயோல் பிரெஞ்சுச் சுரங்க நிறுவனமொன்றை 1888 முதல் 1918 வரை தலைமையேற்று நடத்தியவர். 1916இல் அவர் தந்த 14 கொள்கைகள் நிறுவனத்தை மேலிருந்து பார்ப்பவை. பதினான்கையும் மனப்பாடமாக எழுத வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரே மேலாளர்தான் ஆணையிட வேண்டும் என்ற ஒன்று இந்தக் கூடத்துக்குப் போதும். முதலாளி இறாலை முதலில் பிரிக்கச் சொல்ல, கணக்குப்பிள்ளை கணவாயைச் சொல்ல, கொள்முதல் ஏஜெண்ட் நண்டுப் பெட்டியை அவசரப்படுத்தினால் நிமிடங்கள் எங்கே போயின என்பதற்கு ஃபயோலே விடை சொல்லிவிடுவார். எழுதிவைத்த விதிகளாலும் பதிவேடுகளாலும் வேலையை நடத்தச் சொல்லும், ஜெர்மன் சமூகவியலாளர் வெபரின் விதிமுறை நிர்வாகம், ஒவ்வொரு பெட்டிக்கும் பதிவேடு கேட்கும் ஏற்றுமதி வேலையில்தான் கைகொடுக்கும்.

மனித உறவு அணுகுமுறைக்கு வரும்போது சான்றின் வலுவைச் சோதிக்கப் பழகுங்கள். சிகாகோ அருகிலுள்ள ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளே இதன் அடித்தளம். கவனிப்பும் அக்கறையும் கிடைத்ததால் உற்பத்தி உயர்ந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஆனால் தொலைபேசிக் கருவிகளுக்கான ரிலே என்ற உறுப்பைப் பூட்டும் சோதனை அறையில் இருந்தவர்கள் ஒரு சில பெண்களே. 1928இல் அவர்களில் இருவர் மாற்றப்பட்டார்கள். குழுவின் உற்பத்திக்கேற்பக் கூலி என்ற ஏற்பாடும் அங்கே புகுத்தப்பட்டது. இவ்வளவும் ஒருசேர மாறியபின் உயர்வுக்கு அக்கறை மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைக் கேட்காத ஒப்பீட்டுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

நம் கடற்கரைக்கு மிக நெருங்கியது என்று நான் கருதும் கோட்பாடு பாடநூல்களில் சில வரிகளிலேயே முடிந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. 1951இல் டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினார்கள். முன்பு சிறு குழுவே முழு வேலையையும் செய்து தனக்குள் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்டது. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு துண்டு வேலை என்று பிரித்ததில் குழு சிதைந்து, எதிர்பார்த்த உற்பத்தியும் கிடைக்கவில்லை. கருவியையும் மனித உறவையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும் என்ற இந்த எண்ணத்தை 1953இல் ரைஸ் என்பவர் அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளோடு செய்துபார்த்தார். தனித்தனி வேலையாக ஓடிக்கொண்டிருந்தவர்கள், குறிப்பிட்ட தறிகளுக்குப் பொறுப்பான சிறு குழுக்களாக மாறினார்கள். நம் கூடத்தில் இது எப்படி அமையும்? நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு கூடையைப் பெற்று, பிரித்து, எடைபோட்டு, ஐஸ் போட்டு மூடும் வரை தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இனி கூடத்திலிருந்து படகுக்குப் போங்கள். நிலையான சூழலுக்கு இறுக்கமான அமைப்பும், மாறிக்கொண்டே இருக்கும் சூழலுக்கு இளகிய அமைப்பும் பொருந்தும் என்று 1961இல் பர்ன்ஸும் ஸ்டாக்கரும் எழுதியதற்குக் கடலைவிடச் சிறந்த சோதனை இல்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கும் முறையை மாணவர்கள் ‘ஒழுங்கமைக்கப்படாதது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மீன்பாடு கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாத, மேற்பார்வையாளர் யாரும் போக முடியாத இடத்தில், நட்டத்தையும் லாபத்தையும் எல்லோர் தோளிலும் ஏற்றி ஒவ்வொருவரையும் விழிப்பாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒரே தொழிலின் இரண்டு முனைகளுக்கு இரண்டு கோட்பாடுகள் பொருந்துவதைக் காட்ட முடிந்தால் உங்கள் ஒப்பீடு பாதி வெற்றி பெற்றுவிட்டது.

மீதிப் பாதி எல்லைக் கேள்வி. கூடத்தில் சரக்கு ஏன் சில காலைகளில் மட்டும் குவிகிறது? கடலைப் பங்கிட்டுக்கொண்ட 3 நாள், 4 நாள் வழக்கத்தால். டெய்லர் முதல் ரைஸ் வரை எல்லோரும் நிறுவனத்தின் சுவருக்குள் நின்றே பேசுகிறார்கள்; இந்தக் காரணமோ சுவருக்கு வெளியே இருக்கிறது. அதைப் பார்க்க எலினார் ஆஸ்ட்ரமிடம் போக வேண்டும். பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாங்களே விதி வகுத்துக் காத்துக்கொள்ள முடியும் என்று 1990இல் அவர் விரிவாக எழுதினார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

எழுதும்போது, ஒவ்வொரு கோட்பாட்டின் கீழும் நாளைக் காலை கூடத்தில் எது மாற வேண்டும் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அப்படி எழுத முடியாத கோட்பாட்டை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு வாக்கியங்கள் எங்கே மோதுகின்றனவோ அங்கேதான் அதிகப் பக்கங்களைச் செலவிட வேண்டும். ஐஸ் போடுவதற்கென்று தனி ஆள் வை என்கிறார் டெய்லர். குழுவே ஐஸ் போடட்டும் என்கிறார் ரைஸ். முதலாளியும் அந்தப் பெண்களும் இசைந்தால், மேசைகளை மாற்றிப் போட ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வசதியானது. தடை முடிந்து படகுகள் வரத் தொடங்கியதும் ஒரு வாரம் ஒரு முறையையும் மறு வாரம் மற்றொன்றையும் நடத்திப் பார்த்து, முதலில் குறித்த அதே நிமிடக் கணக்கை மீண்டும் எடுங்கள். வரத்து கூடிய நாளையும் குறைந்த நாளையும் தனித்தனியே பதியுங்கள். எந்த முறையில் கை வலி குறைந்தது என்று தரம் பிரித்தவர்களிடமே கேட்டு அதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.