உடன் தங்கியிருப்பவரோடு ஷட்டில் ஆடத் தொடங்குவது எப்படி?

கோவையிலோ திருப்பூரிலோ வேலை நிமித்தமாக ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இருவர் புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்க விரும்பினால், ஷட்டில் என்று நாம் சொல்லும் இறகுப்பந்தையே நான் முதலில் சொல்வேன். ஆள் திரட்ட வேண்டியதில்லை, இருவரே போதும். ஆனால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர், ஆட்டம் முடிந்ததும் உங்களோடு ஒரே வண்டியில் ஏறி, அதே வீட்டுக்குத் திரும்பி, அதே அடுப்பில் சமைக்கப் போகிறவர். ஆகவே முதல் சில வாரங்களுக்கு, பந்தை இருவருமாகச் சேர்ந்து கீழே விழாமல் காப்பதுதான் ஆட்டம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் மொட்டை மாடியில் தொடங்குகிறார்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும் நம் பக்கத்தில் அது வீண் முயற்சி. என்னோடு தங்கியிருக்கும் தாராபுரத்துத் தங்கையும் நானும் ஓர் ஆனி மாத மாலையில் சரவணம்பட்டி வீட்டு மாடியில் முயன்று பார்த்தோம். ஏறக்குறைய ஐந்து கிராமே எடையுள்ள அந்தப் பந்து அடித்த திசையில் ஒருமுறையும் போகவில்லை. "அக்கா, நாம எங்கீங்க ஆடறோம், காத்துதானுங்க ஆடுது" என்றாள் அவள். மறுநாளே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் உள்ளரங்கத்துக்கு மாறினோம். அரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது தரையைப் பாருங்கள்: மரத்தளமோ அதன்மேல் விரித்த செயற்கை விரிப்போ முழங்காலுக்கு நல்லது, வெறும் சிமெண்டுத் தரை நல்லதன்று. தகரக்கூரை போட்ட அரங்கமானால், கோடையில் காலை நேரத்தையே பதிவு செய்யுங்கள்.

பேட் வாங்கும்போது விலையைவிட எடையைக் கவனியுங்கள். 80 முதல் 84 கிராம் வரை எடையுள்ள, '4யூ' என்று குறித்திருக்கும் பேட் புதியவர்களின் தோளுக்குச் சுமையாக இராது. கடைகளில் 'கட்டிங்' என்று சொல்லும் நரம்பை 20 முதல் 22 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொன்னால் போதும். அதற்கு மேல் இறுக்கினால், நடுவில் படாத அடியெல்லாம் வலுவிழந்து விழும். 16 இறகுகள் கோத்த இறகுப் பந்து தொடக்கக்காரர் கையில் சீக்கிரம் ஒடிந்துவிடும் என்பதால், நைலான் பந்தையே வாங்குங்கள். அதன் தக்கையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறத்தையும் பாருங்கள்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, அதில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பதால் நம் ஊருக்குப் பச்சைதான் பொருந்தும்.

செருப்போ, காலையில் ஓடப் பயன்படுத்தும் ஷூவோ வேண்டாம். ஓட்ட ஷூவின் அடி உயரமாக இருப்பதால், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கிவிடும். தட்டையான அடியுள்ள, தரையில் தடம் பதிக்காத 'நான்-மார்க்கிங்' ஷூவுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

முதல் நாள் பத்து நிமிடம் கணுக்காலையும் தோளையும் தளர்த்திவிட்டு, இருவரும் வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள முன்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். பேட்டின் முகம் பக்கவாட்டில் நிற்கும்படி இடது கையில் ஏந்திக்கொண்டு, ஒருவரோடு கைகுலுக்குவதுபோல வலது கையால் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 'வி' போன்ற ஓர் இடைவெளி தெரிய வேண்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். பந்து நரம்பைத் தொடும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும், அந்த இறுக்கத்திலிருந்துதான் வேகம் வருகிறது. இப்போது இடுப்புயரத்துக்குக் கீழிருந்து மெதுவாகத் தூக்கி ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். தொடர்ந்து 20 அடிகள் வந்ததும் இருவரும் ஓரடி பின்னால் செல்லுங்கள். எங்களுக்கு அந்த 20 வர இரண்டு நாள் ஆனது. பத்தொன்பதில் விழுந்தபோது அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சேர்ந்து கத்தியிருக்கிறோம்.

தலைக்கு மேல் வரும் பந்துக்கு நேராக நின்று கையை மட்டும் வீசுவதே எல்லாரும் செய்யும் பிழை. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடது கையால் பந்தைச் சுட்டி, முழங்கையை உயர்த்தி, பந்து முகத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்போதே அடியுங்கள். பந்து தலைக்குப் பின்னால் போய்விட்டால் எட்டிப் பிடிக்க முயலாமல் விட்டுவிடுங்கள். தோள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

புள்ளி எண்ணத் தொடங்கும்போது 13.40 மீட்டர் நீளக் களம் முழுவதிலும் ஓட வேண்டாம். நடுக்கோட்டை ஓர் எல்லையாகக் கொண்டு நெடுக்கில் ஒரு பாதியில் மட்டும் ஆடினால் மூச்சு வாங்காது, அடிகளும் நேராகப் பழகும். 11 புள்ளிகளில் நிறுத்துங்கள். 21 புள்ளி ஆட்டம் பிறகு வரட்டும். கோட்டின்மேல் விழுந்த பந்து உள்ளேதான். எவர் பக்கம் விழுந்ததோ அவர் சொல்வதே தீர்ப்பு, ஐயமிருந்தால் அந்தப் புள்ளியை மறுபடி ஆடிவிடுங்கள்.

இருவரில் ஒருவருக்கு விரைவில் கைவந்துவிடும். அவர் மற்றவருக்கு ஆசிரியராகிவிடக் கூடாது. கேட்டால் மட்டும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். களத்தில் எழுந்த வாக்குவாதத்தை ஷூவோடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம், இதுவரை அது மீறப்படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டித் தளர்த்திவிட்டு, அரங்கத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் உடம்பு வலிக்கும். ஒருநாள் இடைவெளி விட்டால் போதும். அலுவலகத்துக்கு வண்டியில் போகிறவர்கள் பேட்டை மதிய வெயிலில் வண்டியிலேயே விட்டுச் செல்ல வேண்டாம், வெப்பத்தில் நரம்பு தளர்ந்துவிடும்.