பாய்மரப் படகின் ஷாஃப்ட் சீல்: எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது

கிணற்றுப் பம்ப் செட் ஓடும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு கிளாண்ட் புதிதில்லை. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு நட், அதற்குள் கொழுப்பில் ஊறிய கயிறு, ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பாய்மரப் படகில் எஞ்சினிலிருந்து ப்ரொபெல்லருக்குப் போகும் ஷாஃப்ட், படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்திலும் இதே அமைப்புதான் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதற்குப் பெயர் ஸ்டஃபிங் பாக்ஸ். அந்தத் துளை வழியே கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல்களில் அது ஒரு வகை. இந்தப் பதிவில் நான் மனதில் வைத்திருப்பது 30 அடி ஃபைபர் கிளாஸ் படகு, சின்ன டீசல் எஞ்சின், ஒரு அங்குல ஷாஃப்ட்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். தடித்த ரப்பர் ஹோஸின் முனையில் வெண்கல நட்டும் அதை ஒட்டி லாக் நட்டும் இருந்தால் அது ஸ்டஃபிங் பாக்ஸ். அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பான ரப்பரும், அதன் முன்னால் கருப்புக் கார்பன் வளையத்தோடு உரசி நிற்கும் பளபளப்பான எஃகு வளையமும் இருந்தால் அது முகச் சீல். பிஎஸ்எஸ் என்ற பெயரில் பரவலாக விற்பது இந்த வகைதான். வெறும் ரப்பர் உறை மட்டும் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்திருந்தால் லிப் சீல். வோல்வோ பென்டா எஞ்சின் உள்ள படகுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். முதல் படகு வாங்கியவர், ஷாஃப்ட் நன்றாக இருந்தால், இருக்கிற ஸ்டஃபிங் பாக்ஸை ஒரு வருடமாவது வைத்துக்கொள்ளுங்கள். அது கெட்டுப்போவது மெதுவாக. சொட்டு கூடும், நீங்கள் கவனிப்பீர்கள், நட்டைச் சற்று இறுக்குவீர்கள். பேக்கிங், அதாவது உள்ளே திணிக்கும் அந்தக் கயிற்றின் விலையும் குறைவு. முகச் சீல் சொட்டவே சொட்டாது, பில்ஜ், அதாவது படகின் அடித்தளக் குழி, காய்ந்து கிடக்கும். ஆனால் அதன் ரப்பர் கிழிந்தாலோ எஃகு வளையம் வழுக்கினாலோ தண்ணீர் குபுகுபுவென்று வரும். அரிதுதான், ஆனாலும் உண்மை. லிப் சீல் சின்னது, எளியது. ஆனால் ஷாஃப்ட் வழவழப்பாகவும் ஆட்டமில்லாமலும் இருந்தால்தான் அது நிற்கும்.

எந்தச் சீல் வாங்கினாலும் அதற்கு முன் ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கட்லெஸ் பேரிங் (ப்ரொபெல்லர் பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்கும் ரப்பர் பேரிங்) தேய்ந்திருந்தாலோ, ஷாஃப்ட்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கில் எஞ்சின் நேராக உட்காராமல் இருந்தாலோ புதுச் சீலும் சீக்கிரம் போய்விடும். 4 அங்குலக் கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே, சுற்றிவர எங்கே அளந்தாலும் இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது.

அப்புறம் அளவு. 25 மில்லிமீட்டரும் ஒரு அங்குலமும் ஒன்றில்லை. ஒரு அங்குலம் என்பது 25.4. லிப் சீலுக்கு அந்த 0.4 பெரிய வித்தியாசம். அளவுகோல் போதாது, வெர்னியர் கேலிப்பரால் அளந்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள்.

பேக்கிங் மாற்றுவது

முதல் தடவை இதைப் படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது செய்யுங்கள். மிதக்கும்போது பழைய பேக்கிங்கை எடுத்தால் தண்ணீர் உள்ளே வரும்.

கயிற்றின் பருமன் எளிய கணக்கு: பாக்ஸின் உள்விட்டத்திலிருந்து ஷாஃப்ட் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். உள்விட்டம் 38.1, ஷாஃப்ட் 25.4 என்றால் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலக் கயிறு.

லாக் நட்டைத் தளர்த்தும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் நட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருப்புங்கள், இல்லையென்றால் அடியில் உள்ள ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். பழைய வளையங்களை ஒன்று விடாமல் பேக்கிங் புல்லரால் (கயிற்றில் குத்தி இழுக்கும் கொக்கிக் கருவி) இழுத்தெடுங்கள். கடைசி வளையம் அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலும் மூன்று இருக்கும்.

புதுக் கயிற்றை ஷாஃப்ட்டிலேயே சுற்றி, முனைகள் இடைவெளி இல்லாமல் முட்டுமாறு கூரான பிளேடால் வெட்டுங்கள். ஒரே கயிற்றைச் சுருள் சுருளாகத் திணிக்கவே கூடாது. தண்ணீர் அந்தச் சுருள் வழியே படியேறி வந்துவிடும். தனித்தனி வளையங்கள்தான். ஒவ்வொன்றையும் உள்ளே அழுத்தி உட்காரவைத்துவிட்டு, அடுத்ததன் முட்டு 120 டிகிரி தள்ளி வருமாறு வையுங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

சொட்டை அமைப்பது

படகு தண்ணீரில் இறங்கியதும் ஜெட்டியில் நன்றாகக் கட்டிவிட்டு, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் கியரில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். சுழலும் ஷாஃப்ட்டின் அருகே துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, விரித்த முடி எதுவும் போகக் கூடாது. வழக்கமான பேக்கிங் என்றால் ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். நின்றபின் சொட்டும் நின்றுவிட வேண்டும், அல்லது கிட்டத்தட்ட நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் நட்டைத் தளர்த்துங்கள்.

நான் ஆரம்பத்தில் சொட்டு முழுக்க நிற்கும்வரை இறுக்கினேன். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிரவைக்கிறது என்று அப்போது தெரியவில்லை. கயிறு கருகி, ஷாஃப்ட்டில் நகத்தால் உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. அந்த ஷாஃப்ட்டில் அதன்பின் எந்தப் பேக்கிங்கும் சரியாக நிற்கவில்லை. ஆகவே இறுக்குவதென்றால் நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவுக்கும் குறைவாகத் திருப்பி, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

சொட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 வினாடிக்கு ஒன்று வீதம் நாள் முழுக்கச் சொட்டினாலும் 8,640 சொட்டுதான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்தால் அரை லிட்டர்கூட ஆகாது.

மற்ற இரண்டு வகைகளுக்கு

முகச் சீலும் லிப் சீலும் காய்ந்து ஓடினால் கெடும். படகு தண்ணீரில் இறங்கியவுடன், எஞ்சினைத் தொடுவதற்கு முன், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். முகச் சீலில் கார்பன் வளையத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால் தண்ணீர் பீறிடும், அவ்வளவுதான். லிப் சீலின் உதட்டை விரலால் அமுக்கினால் போதும். முகச் சீலின் உரசும் முகத்தில் கிரீஸ் படக் கூடாது. அதன் எஃகு வளையத்தைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடாதீர்கள், புதியது வாங்குங்கள். வளையத்துக்கு முன்னால் ஷாஃப்ட்டில் ஒரு பிளவு காலரை (ஷாஃப்ட்டைச் சுற்றிக் கவ்வும் பிளந்த வளையம்) இறுக்கி வைத்தால் வளையம் வழுக்கி நகராது. பிஎஸ்எஸ் தயாரிப்பாளர் அந்த மடிப்பு ரப்பரை 6 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார். அதற்குக் கப்ளிங்கிலிருந்து ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே படகு கரையேறும் வருடத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எல்லா வகைக்கும் பொதுவானது ஹோஸ். இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு கிளாம்ப், ஸ்க்ரூ உட்பட 316 தர ஸ்டெயின்லெஸ். கிளாம்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். ஹோஸில் வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். படகில் ஒரு துண்டு பேக்கிங் கயிறு, நான்கு கிளாம்ப், பழைய டியூபிலிருந்து வெட்டிய நீள ரப்பர்ப் பட்டை எப்போதும் இருக்கட்டும். நடுக்கடலில் ஹோஸ் கிழிந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தப் பட்டையை இறுக்கச் சுற்றிக் கிளாம்ப் போட்டு, பாயை விரித்துக் கரை வரலாம்.