கட்டுரை நோட்டு திருத்தும் ஆங்கில டீச்சர்களுக்கு

ஜூன் பாதியில் மும்பையில் பள்ளி திறந்ததும் மழையும் நோட்டுக் கட்டும் சேர்ந்தே வரும். தாராவி, மாட்டுங்கா பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள் எல்லாப் பிழையையும் சுழிக்க வேண்டாம். பக்கம் சிவந்தால் பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். வாரத்துக்கு ஒரே வகைப் பிழை போதும். முதலில் ஆர்ட்டிகிள், அதாவது a, an, the. தமிழிலும் மராத்தியிலும் அது கிடையாது, அதனால் அதிகம் விடுபடுவதும் அதுதான். விடையை நீங்கள் எழுதாமல், பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். இடத்தைப் பிள்ளையே தேடட்டும். மறுநாள் வகுப்பிலேயே ஐந்து நிமிஷம் கொடுங்கள், வீட்டுக்கு அனுப்பினால் நடக்காது. நோட்டை மொத்தமாக வாங்காமல் நாளுக்கு ஒரு பெஞ்ச் வரிசையாக வாங்கினால் லோக்கல் ரயிலில் சுமக்கும் பாடும் குறையும். ஸ்பெல்லிங்கா? அதை டிக்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம்.