பழைய டிஜிட்டல் பியானோ வாங்குமுன் 88 கட்டைகளையும் அமுக்கிப் பாருங்கள்

டிஜிட்டல் பியானோவின் ஒலி சிப்பில் இருக்கிறது. பத்து வருடம் ஆனாலும் கெடாது. தேய்வது கட்டைகள்தான். விற்பவர் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து விலை பேசாதீர்கள்.

போனிலேயே மாடல் எண்ணைக் கேளுங்கள். "டச் இருக்கு சார்" என்பார்கள். டச் என்றால் வேகமாக அடித்தால் சத்தம் கூடும், அவ்வளவே. ஸ்பிரிங் கீபோர்டிலும் அது உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது 'வெயிட்டட்' கட்டையா என்பதை. வெயிட்டட் என்றால் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு சுத்தியல் இருக்கும். மொத்த எடையே காட்டிக்கொடுத்துவிடும்: யமஹா பி-45 11.5 கிலோ. அதே கம்பெனியின் என்.பி-32 பார்வைக்குப் பியானோதான், ஆனால் 76 கட்டை, 5.7 கிலோ, சுத்தியல் கிடையாது.

நேரில் போனதும் பெடலில் கால் வைக்காமல் ஸ்விட்சைப் போடுங்கள். மிதித்தபடி போட்டால் பல மாடல்களில் பெடல் தலைகீழாக வேலை செய்யும். பி-45ல் வலது கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். இது முக்கியம். பாடகருக்காகச் சுருதி மாற்றி வைத்திருந்தால், ஒரு கட்டையை அமுக்கினால் வேறு கட்டையின் சுரம் பேசும்.

இப்போது இடக் கோடியிலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கருப்பையும் விடாமல், மூன்று முறை: மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. கால் மணி நேரம் ஆகும். விற்பவர் முகம் சுளித்தாலும் நிறுத்தாதீர்கள். கட்டைக்கு அடியில் ரப்பர் காண்டாக்ட் இரண்டு, சில மாடல்களில் மூன்று. ஒன்று தொட்டு அடுத்தது தொடும் இடைவெளியை வைத்தே வேகம் கணக்காகிறது. ஒன்றில் தூசியோ எறும்புக் குப்பையோ இருந்தால் மெல்லத் தொட்டாலும் கட்டை அலறும், அல்லது ஊமையாகும். இரண்டு மூன்று கட்டைதான் என்றால் கழற்றித் துடைத்தால் சரியாகும். விலையைக் குறைத்து வாங்கலாம். ஒலியை முழுதும் குறைத்துவிட்டும் அமுக்குங்கள். நடுப்பகுதி மட்டும் 'டக் டக்' என்றால் கட்டை மோதும் இடத்து மெத்தைத் துணி (ஃபெல்ட்) தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் ஆடும் கட்டை, முழுதும் மேலே வராத கட்டை இருந்தால் வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். உடைந்த சுத்தியலுக்கு உதிரி பாகம் தேடி அலைய முடியாது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கத்துச் சரக்கு என்றால் பின்புறத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஹெட்போனைச் செருகி, திருகி, பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் ஸ்பீக்கர் பேசாவிட்டால் ஜாக் போய்விட்டது. அடிப்பலகை உப்பியிருந்தால் வெள்ளத்தில் நின்றது, பேசவே வேண்டாம்.

அடாப்டர் ஒரிஜினலா? பி-45க்கு 12 வோல்ட். வேறு அடாப்டர் கொடுத்தால் வோல்ட்டோடு பிளஸ், மைனஸ் குறியும் பியானோவில் அச்சிட்டதோடு ஒத்துப்போக வேண்டும்.

அதே மாடலின் இன்றைய புது விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். பி-45ன் நீளம் 133 சென்டிமீட்டர், பஸ்ஸில் கொண்டுவர முடியாது. காரின் பின்சீட்டை மடக்கி, மெத்தை விரித்து, கட்டைகள் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். ஸ்டாண்டையும் பெடலையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.